நம் வீட்டு நீரும் துறைமுகக் கடலும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை கேட்பதும் நம் சங்கத்தின் மரபு. இன்று அம்மரபினின்று சற்று விலகிச் சாக்கடையைப் பற்றிப் பேச வந்துள்ளோம். முகம் சுளிக்க வேண்டா என்று முதலிலேயே வேண்டிக்கொள்கிறோம். நல்ல நாளில் வீட்டைக் கூட்டி மெழுகிய பின்னர்தானே கோலம் போடுகிறோம்?

ஊரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை நாம் எங்கே அழைத்துச் செல்கிறோம்? கேட்வே ஆப் இந்தியாவுக்குச் சென்று, அங்கிருந்து படகேறி எலிபண்டாத் தீவுக்குப் போகிறோம். படகின் ஓரத்தில் அமர்ந்த குழந்தை நீரைத் தொடக் குனிகிறது. "கையை எடு கண்ணே, அழுக்குத் தண்ணீர்" என்று தாய் இழுத்துக்கொள்கிறாள். தாய் சொன்னது உண்மை. ஆனால், "இது யாருடைய அழுக்கு, அம்மா?" என்று குழந்தை கேட்டிருந்தால் நாம் என்ன விடை கூறியிருப்போம்? தூரத்துக் கப்பலைக் காட்டியிருப்போம். ஆலையின் புகைபோக்கியைக் காட்டியிருப்போம். நம் வீட்டைக் காட்டியிருக்க மாட்டோம். அதையும் காட்டியிருக்க வேண்டும் என்பதே இன்று நாம் சொல்ல வந்த செய்தி.

மும்பைத் துறைமுகம் மனிதர் வெட்டியது அன்று. இயற்கை அளித்த கொடை. மேற்கே மும்பைத் தீவு, கிழக்கே கொங்கணக் கரை. இரண்டுக்கும் இடையே ஆழமான நீர்ப்பரப்பு. திறந்த கடலின் சீற்றம் அங்கே எட்டாது. இந்த வாய்ப்பினாலேயே ஏழு தீவுகளாய்க் கிடந்த இடம் ஒரு மாநகரம் ஆயிற்று. 1873இல் துறைமுகப் பொறுப்புக் கழகம் அமைந்தது. 1875இல் சசூன் கப்பல்துறையும் 1880இல் பிரின்சஸ் கப்பல்துறையும் எழுந்தன. 1950களில் டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் வந்தன. எதிர்க்கரையில் நவி மும்பையை உருவாக்க 1970இல் சிட்கோ நிறுவப்பட்டது. 1989இல் நவா சேவாவில் ஜவாஹர்லால் நேரு துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2024 சனவரி 12ஆம் நாள், இந்த நீர்ப்பரப்பைக் கடந்து செல்லும் 21.8 கிலோமீட்டர் நீளப் பாலமாகிய அடல் சேது திறக்கப்பட்டது.

துறைமுகத்தைச் சுற்றி மக்கள் பெருகிய வேகத்தை எண்ணிப் பாருங்கள். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பெரும்பம்பாயின் மக்கள் தொகை ஏறத்தாழ 30 லட்சம். 2011இல் அது ஏறத்தாழ 124 லட்சம். அதே 2011இல் தாணே மாநகரில் 18 லட்சம் பேரும், நவி மும்பையில் 11 லட்சம் பேரும் வாழ்ந்தனர். அந்தக் கூட்டத்தில் நாமும் இருக்கிறோம். இந்தத் துறைமுகமும் ஆலையும் இரயிலும் அலுவலகமும் தந்த பிழைப்பை நாடித்தானே நம் தந்தையரும் பாட்டனாரும் இங்கு வந்தனர்? மாட்டுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் நமக்கு இடம் கொடுத்த நகரம் இது. இந்நகரின் நீர் கெடும்போது, "வந்தேறிகளாகிய நமக்கு என்ன?" என்று ஒதுங்கி நிற்க நமக்கு உரிமை இல்லை.

இனி, நம் வீட்டுக் குழாயிலிருந்து தொடங்குவோம். விகார், துளசி, தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாத்சா என்னும் ஏழு ஏரிகள் இந்நகருக்கு நீர் அளிக்கின்றன. அவற்றுள் மூத்ததாகிய விகார் 1860இல் முடிக்கப்பட்டது. காலையில் குழாயைத் திறந்ததும் வரும் நீர் எவ்வளவு தொலைவு கடந்து வந்தது என்பதை நாம் ஓரளவு அறிவோம். கோடையில் ஏரியின் மட்டம் தாழ்ந்தால் செய்தித்தாளில் தேடிப் படிக்கிறோம். ஆனால், பயன்படுத்திய நீர் எங்கே போகிறது என்று நம்முள் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்?

நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்று பொறியாளர்கள் கணக்கிடுவர். அதில் 80 விழுக்காடு கழிவுநீராகத் திரும்பும் என்பதும் அவர்கள் கணக்கு. ஐவர் வாழும் இல்லத்திற்கு 675 லிட்டர் வருகிறது. 540 லிட்டர் வெளியே செல்கிறது. நூறு இல்லங்கள் கொண்ட ஒரு குடியிருப்பு நாள்தோறும் 54,000 லிட்டர் கழிவுநீரை வெளியே விடுகிறது. நாம் உறங்கினாலும், ஊருக்குச் செல்ல மூட்டை கட்டினாலும், இந்த ஓட்டம் நிற்பதில்லை.

நாம் வாழும் கிழக்குப் புறநகர்ப் பகுதியில் இந்நீர் குழாய்களின் வழியே காட்கோபர், பாண்டுப் ஆகிய இடங்களிலுள்ள நிலையங்களை அடைய வேண்டும். அங்கே ஓரளவு தூய்மை பெற்றுத் தாணேக் கழியில் விடப்பட வேண்டும். மராத்தியர் 'காடி' என்று அழைக்கும் இந்தக் கழிதான் தெற்கே அகன்று துறைமுகமாக விரிகிறது. ஆனால், குழாயைச் சென்றடையாத கழிவுநீர் மழைநீர்க் கால்வாயில் புகுந்து, எந்தத் தூய்மையும் பெறாமல் நேரே கழியில் கலந்துவிடுகிறது. குழாய் வசதியே பெறாத குடிசைப் பகுதிகளிலிருந்து அப்படி வருவது உண்டு; அதற்கு அம்மக்களைக் குறை கூறுவது அறமன்று. குழாய் வசதி இருந்தும், தவறான இணைப்பினால் மழைநீர்க் கால்வாயில் கழிவைக் கலக்கும் அடுக்குமாடிகளும் உண்டு. அவற்றைப் பற்றிப் பின்னர்ச் சொல்வோம்.

"கடல் பெரிது, எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும்" என்று சிலர் கூறுவர். கழியின் இயல்பை அறிந்தால் அவ்வாறு கூறமாட்டார்கள். ஆறு ஒரு திசையில் ஓடும். கழியோ நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் இங்கே ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. வற்றத்தோடு தெற்கே சென்ற அழுக்கின் ஒரு பகுதி, ஏற்றத்தோடு மீண்டும் வடக்கே வருகிறது. மழைக்காலத்தில் ஓடைகள் பெருகிக் கழியைக் கழுவிவிடும். மற்ற மாதங்களில் கழியின் வடபகுதிக்கு நன்னீர் வரவு மிகக் குறைவு. ஆதலின், அங்கு விட்ட கழிவு திறந்த கடலைச் சேருமுன் பல நாட்கள் முன்னும் பின்னுமாய் அலைகிறது.

அந்த நாட்களில் நீருக்குள் நிகழ்வது என்ன? கழிவிலுள்ள பொருள்களை நுண்ணுயிர்கள் தின்று சிதைக்கின்றன. அதற்கு அவை நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைப் பயன்படுத்துகின்றன. நம் நாட்டு வெப்பத்தில் உப்புநீர் முழுமையாக ஏற்றுக்கொண்டாலும், ஒரு லிட்டரில் 6 மில்லிகிராம் அளவே பிராணவாயு தங்கும். இருப்போ சிறிது, செலவோ பெரிது. அது குறையக் குறைய மீன் விலகிச் செல்லும்; விலக இயலாத நண்டும் சிப்பியும் மடியும். முற்றிலும் தீர்ந்துவிட்டால் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு எழும். வற்ற நேரத்தில் கழியோரம் இரயிலில் செல்பவர்கள் கைக்குட்டையைத் தேடும் காரணம் இதுவே.

1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் கடல்நீரை ஐந்து வகுப்பாகப் பிரித்துள்ளன. குளிப்பதற்கும் மீன்பிடித் தொழிலுக்கும் உரிய நீர் இரண்டாம் வகுப்பு. அதில் லிட்டருக்கு 4 மில்லிகிராம் பிராணவாயுவேனும் இருக்க வேண்டும். துறைமுக நீர் நான்காம் வகுப்பு; அதற்கு 3 மில்லிகிராம் போதும். துறைமுகம் என்றால் ஓரளவு அழுக்குத்தான் என்று சட்டமே இசைந்துவிட்டது போலும்! ஆனால், நான்காம் வகுப்பு நீரின் கரையில் டிராம்பேயிலும் மாகுலிலும் கோலிப் பெருமக்கள் இன்றும் வலை வீசுகின்றனர். கப்பலுக்கு அந்நீர் வழி, அவர்களுக்கோ வயல்.

2010 ஆகஸ்டு 7ஆம் நாள் துறைமுக வாயிலில் இரு கப்பல்கள் மோதியதை நாம் மறந்திருக்க மாட்டோம். ஏறத்தாழ 800 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. சரக்குப் பெட்டிகள் மிதந்தன. துறைமுகம் சில நாட்கள் மூடப்பட்டது. மீன் வாங்குவதையே மக்கள் நிறுத்தினர். நம் தாயகத்தில் எண்ணூருக்கு அருகே 2017 சனவரியில் இத்தகைய மோதலே நிகழ்ந்து, கரையெல்லாம் எண்ணெய் படிந்தது. இவை பெருந்தீமைகள் என்பதில் ஐயமில்லை. ஆயினும், எண்ணெய் கொட்டிய நாளைப் பெயர் சொல்லி நினைவில் வைத்திருக்கிறோம். கழிவுநீர் கொட்டும் நாளுக்குப் பெயரே இல்லை, ஏனெனில் அது எல்லா நாளும் நிகழ்கிறது.

நகரம் வளரும்போது கழிவு பெருகுவதோடு கழியும் சுருங்குகிறது. கரையில் மண் கொட்டித் தூர்த்தால், ஏற்றத்தில் உள்ளே வரும் நீரின் அளவு குறையும். உள்ளே வருவது குறைந்தால் கழுவிச் செல்வதும் குறையும். வண்டலைப் பிடித்து நிறுத்திக் கரையைக் காப்பது கண்டல் காடு. சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடுகையில் பன்முறை குறிப்பிட்ட அதே கண்டல்தான், இன்று நம் குடியிருப்பின் பின்புறம் சேற்றில் நிற்கிறது. அதை அழிக்கக் கூடாதென்று பம்பாய் உயர்நீதிமன்றம் 2005இல் இடைக்கால ஆணையும், 2018இல் இறுதித் தீர்ப்பும் வழங்கியது. ஆனால், நாம் குளியலறையைப் புதுப்பிக்கும்போது இடித்த செங்கல்லும் ஓடும் எங்கே போகின்றன? மலிவான கூலிக்கு அள்ளிச் செல்பவர் இரவில் அவற்றைக் கண்டலின் மேல் கொட்டினால், அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

"ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் வருகின்றனவே! நீர் நன்றாக இருப்பதால்தானே வருகின்றன?" என்று நம் பிள்ளைகள் கேட்பதுண்டு. பூநாரை நம் பெருமை. அதற்காகவே 2015இல் தாணேக் கழி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சார் பட்டியலில் இடம் பெற்றது. ஆனால், சிறு பூநாரையின் உணவு நுண்ணிய பாசி. கழிவுநீர் எருவாகிப் பாசியைப் பெருக்கியதும் அதன் வருகைக்கு ஒரு காரணம் என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். ஆகவே, அழகிய பறவையைக் கண்டு நீர் தூயது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

இனி நம் குடியிருப்பின் கதைக்கு வருவோம். இங்கு அமர்ந்திருப்போரில் பலர் அறிந்ததே. எனினும் இளைஞர்களின் பொருட்டுச் சொல்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதத்தில், மூன்றாம் கட்டடத்துப் பாட்டியார் ஒருவர் மாலை உலாவின்போது ஒரு கேள்வி கேட்டார்: "மழை பெய்து ஆறு மாதம் ஆகிறது. மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் எங்கிருந்து ஓடுகிறது?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அத்தனை ஆண்டுகள் அதே கால்வாயைத் தாண்டிச் சென்றவர்கள் நாங்கள். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. மறுநாள் காலை, பாட்டியார் சொற்படியே ஒரு வாளி நிறைய மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ஆரத்தி நீர் போலச் செந்நிறமாக்கி, ஒவ்வொரு கட்டடத்தின் கழிப்பறையிலும் ஊற்றினோம். மூன்று கட்டடங்களிலிருந்து ஊற்றிய நீர், சிறிது நேரத்தில் கால்வாயில் செந்நிறமாய் எங்கள் கண் முன்னே ஓடியது. ஆரத்தி நீரைக் கண்டு மகிழ்ந்தே பழகியவர்கள், அன்று முதன்முறையாக அதைக் கண்டு தலை குனிந்தோம்.

பழைய குழாய் அடைத்துக்கொண்ட காலத்தில், பழுது பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சரிவு வாகாக இருந்த மழைநீர்க் கால்வாயில் இணைத்துவிட்டுச் சென்றிருக்கிறார். வீட்டில் நீர் தேங்கவில்லை. ஆதலால் நாமும் கேட்கவில்லை. பழி அவருடையது மட்டுமன்று. நம் கண்ணை விட்டு மறைந்தால் போதும் என்றிருந்த நம் மனத்தினுடையதும் ஆகும்.

திருத்துவதற்குப் பணம் வேண்டியிருந்தது. அதற்காகக் கூடிய கூட்டத்தில் பெரியவர் ஒருவர், "நம்மில் பலர் மீன் உண்பதில்லை. கழியில் மீன் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?" என்றார். அதற்கும் பாட்டியாரே விடை கூறினார்: "உண்ணாதவர்கள் அதைக் கொல்லவும் கூடாது அல்லவா?" அவையில் சிரிப்பு எழுந்தது, பெரியவரும் சிரித்தார். இரண்டு கட்டடத்தார் அவ்வாண்டே தெருவைத் தோண்டி, மாநகராட்சியின் ஒப்புதலோடு கழிவுநீர்க் குழாயில் முறைப்படி இணைத்துக்கொண்டனர். பாட்டியார் வாழ்ந்த மூன்றாம் கட்டடம் மட்டும் இன்னும் எஞ்சி நிற்கிறது. அங்கே ஓய்வூதியத்தை நம்பி வாழ்வோர் மிகுதி. குழாயின் தொலைவும் செலவும் மிகுதி. அவர்களுடைய தயக்கம் நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம்.

நம் வாயிலுக்கு மீன் கொண்டுவரும் கோலி அம்மையாரை, மீன் வாங்காதவர்களும் மௌஷி என்றே அழைக்கிறோம். அவரிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேசினோம். "என் மாமனார் வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வலை போட்டார்; என் கணவர் டீசல் எரித்து வெகுதூரம் போகிறார்; என் மகன் போகவே மாட்டேன் என்கிறான்" என்றார். அவர் எவரையும் திட்டவில்லை. கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். நாமோ வெகுநேரம் வாயிலிலேயே நின்றோம்.

கெட்ட நீர் மீண்டும் நலம் பெறுமா? பெறும் என்பதற்கு உலகில் சான்று உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகம் ஒரு காலத்தில் அந்நாட்டிலேயே மிக அழுக்கான துறைமுகங்களுள் ஒன்று எனப் பெயரெடுத்தது. அதன் கரையிலுள்ள குவின்சி நகரம் 1982இல் வழக்குத் தொடுத்தது. 1985இல் அதற்கெனத் தனி நீர்வள ஆணையம் செயற்படத் தொடங்கியது. நீதிமன்றம் கால அட்டவணை வகுத்து மேற்பார்த்தது. 1991இன் இறுதியில் கழிவுச் சேற்றைக் கடலில் விடுவது நின்றது. தீர் தீவில் பெரியதொரு தூய்மை நிலையம் எழுந்தது. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் நீளச் சுரங்கக் குழாய் தூய்மை செய்த நீரை ஆழ்கடலுக்குக் கொண்டு செல்லத் தொடங்கியது. கடற்கரையில் மக்கள் மீண்டும் நீந்தினர். இதற்கு மந்திரம் எதுவும் இல்லை. வீட்டுக்கு வீடு நீர்க்கட்டணம் பன்மடங்கு உயர்ந்தது, மக்கள் முணுமுணுத்தனர், ஆனாலும் கட்டினர். விலை கொடாமல் தூய நீர் கிடைக்காது என்பதே அத்துறைமுகம் கற்பிக்கும் பாடம்.

இந்நகரிலும் முயற்சி இல்லாமல் இல்லை. ஒர்லி, பாந்திரா, தாராவி, வெர்சோவா, மாலாடு, காட்கோபர், பாண்டுப் ஆகிய ஏழு இடங்களில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,460 மில்லியன் லிட்டரைத் தூய்மை செய்யும் புதிய நிலையங்களுக்கு 2023 சனவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. மதிப்பீடு ஏறத்தாழ 17,200 கோடி ரூபாய். அவற்றுள் காட்கோபரும் பாண்டுப்பும் நம் கழியைக் காப்பவை. ஆனால், அரசு எத்தனை கோடி செலவிட்டு நிலையம் கட்டினாலும், தவறான கால்வாயில் ஓடும் நம் வீட்டு நீர் அந்நிலையத்தை ஒருபோதும் அடையாது. பெரிய நிலையத்துக்கும் சிறிய குழாய்க்கும் இடையே உள்ள அந்தச் சில அடித் தொலைவே நம் பொறுப்பு.

ஆகவே, இவ்வாண்டு விழாவில் சில வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கிறோம். ஒவ்வொரு குடியிருப்பிலும் மழையற்ற மாதங்களில் மழைநீர்க் கால்வாயைப் பாருங்கள். நீர் ஓடினால் காரணம் தேடுங்கள். வறுத்த எண்ணெயையும் வண்ணப்பூச்சையும் பழைய மருந்தையும் தொட்டியில் கொட்டாதீர்கள். வீடு புதுப்பிக்கும்போது இடிபாடு எங்கே செல்கிறது என்று கேட்டு, மாநகராட்சி ஏற்கும் வழியில் அனுப்புங்கள். பிள்ளையாரைக் களிமண்ணில் வாங்குங்கள். பூசை மலர்களை வாஷிப் பாலத்திலிருந்து வீசாமல் செடிகளுக்கு உரமாக்குங்கள். காட்கோபர் நிலையத்திலிருந்து வெளிவரும் நீரின் தரம் என்ன என்று ஆண்டுக்கொரு முறையேனும் சங்கத்தின் பெயரால் எழுதிக் கேட்போம். கேட்கும் குடிமக்கள் இருந்தால்தான் அளக்கும் அலுவலர் விழிப்பாக இருப்பார்.

இறுதியாக, மூன்றாம் கட்டடத்து அன்பர்களுக்கு ஒரு சொல். அடுத்த மாதம் உங்கள் பொதுக்குழு கூடவிருக்கிறது. முன்னர்த் திருத்திக்கொண்ட இரண்டு கட்டடத்தாரும் செலவில் ஒரு பங்கை ஏற்க இசைந்துள்ளனர். எஞ்சியதைத் தவணையாகச் செலுத்த வழி செய்யலாம் என்று சங்கமும் முன்வந்துள்ளது. இது கொடையன்று. நம் அனைவரின் கழிவும் ஒரே கழியில் கலக்கும்போது, அதைத் திருத்தும் கடன் மட்டும் தனித்தனியாக இருப்பது எப்படி முறையாகும்? கேள்வியைத் தொடங்கிவைத்த பாட்டியார் இன்று நம்மிடையே இல்லை. அவர் வாழ்ந்த கட்டடத்தில் இப்பணி நிறைவேறுவதே அவருக்கு நாம் செய்யும் நினைவஞ்சலி.

திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். நீரை அத்துணை உயர்வாக மதித்த மொழியைப் பேசுவோர் நாம். வரும் ஆண்டு விழாவுக்குள், பங்குனி வெயிலில் நம் கால்வாய் காய்ந்து கிடக்கக் காண்போமாக. அதைக் காட்டி, "இது எங்கள் அழுக்கு அன்று" என்று நம் குழந்தைகளிடம் மனச்சான்றோடு சொல்லும் நாள் வரட்டும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வாழ்விக்கும் நீர் தூயதாகுக!